பன்னிரண்டாவது குச்சி

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே வேங்கடசுப்ரமணியன் குளித்து, திருநீறு இட்டு, விளக்கேற்றிவிட்டார். பேத்தி மைத்ரேயிக்கு இன்று நட்சத்திரப் பிறந்த நாள். ஒன்பது வயது நிறைகிறது. நான்கு மாதத்துக்குப் பிறகு அவள் இந்த மும்பை மாட்டுங்கா வீட்டின் படியேறப் போகிறாள்.

விளக்கின் முன்னால் நின்று அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஈஸ்வரா, இன்னிக்கு ஒரு நாள் என் கை சும்மா இருக்கணும்."

அந்தக் கைதான் போன பங்குனியில் கோவிலில் கொடுத்த ரவா கேசரியைக் குழந்தைக்கு ஊட்டியது. மைத்ரேயிக்கு சீலியாக் என்று டாக்டர் சொல்லி அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. கோதுமை, மைதா, ரவை, எதுவும் துளிக்கூட ஆகாது, குடலைப் புண்ணாக்கிவிடும். "பிரசாதம் ஒண்ணும் பண்ணாது, ஒரு வாய்தானே" என்று சொல்லி ஊட்டினார். பக்தியில்தான் செய்தார். குழந்தை மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தது. நான்காம் நாள் மருமகள் வந்தனா அவளை அழைத்துக்கொண்டு செம்பூரில் இருக்கும் தன் பெற்றோர் வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போடவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது, "இந்த ஆத்துல யாரும் இதை வியாதின்னே நம்பலை" என்று மட்டும் சொன்னாள்.

அன்று முதல் அவரை அவள் "அப்பா" என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவில்லை.

போன ஞாயிறு மகன் நகுலுக்கு அவளிடமிருந்து ஃபோன் வந்தது. வந்தனாவின் ஆபீஸில் புனேக்கு மாற்றல் தருகிறார்களாம். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். "சனிக்கிழமை ஒரு வேளை சாப்பிட வரோம். அது எப்படிப் போறதுன்னு பாத்துட்டு முடிவு பண்றேன்" என்றாள். அப்புறம் குழந்தை ஃபோனை வாங்கி ரகசியக் குரலில் ஒன்று கேட்டது.

"அப்பா, கோதுமை இல்லாம கார்ன் டாக் பண்ண முடியுமா?"

வகுப்புத் தோழி பிறந்த நாளில் எல்லாக் குழந்தைகளும் குச்சியைப் பிடித்துக்கொண்டு அதைச் சாப்பிட்டார்களாம். இவள் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோன டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாளாம்.

பால் காய்ச்சினால் பொங்கவிட்டுவிடுகிற நகுல், அன்று முதல் தினமும் ஐரோலி ஆபீஸிலிருந்து வந்ததும் சமையலறையில் நுழைந்தான். மாவு மில்லில் அரைத்தால் கோதுமைத் தூசி கலந்துவிடும் என்று காய்ந்த மக்காச்சோளமாக வாங்கி, புது மிக்ஸி ஜாரில் தானே அரைத்துச் சலித்தான். புதிதாக ஒரு பணியாரக் கல் வாங்கினான். எல்லாவற்றையும் தனி அலமாரியில் வைத்து, 'மைத்து' என்று எழுதி ஒட்டினான்.

"நாயைப் பிடிச்சு சோளத்துல முக்கறதாடா?" என்று கேட்டார் வேங்கடசுப்ரமணியன், சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு. உள்ளே வரக் கூடாது என்பது மகனின் உத்தரவு.

"பேருதான்பா அப்படி. அமெரிக்காக்காரன் சாஸேஜைக் குச்சியில குத்தி, மாவுல தோய்ச்சு, எண்ணெயில பொரிச்சு எடுப்பான். நம்மாத்துல சாஸேஜ் கிடையாது, மைதா கிடையாது, பொரிக்கறதும் கிடையாது."

"அப்போ மிச்சம் என்னடா இருக்கு?"

"குச்சி இருக்கு" என்று சிரித்தவன், சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஐயோ! குச்சி வாங்கவே இல்லைப்பா!"

மணி ஒன்பதரை. மேடையில் எல்லாம் தயாராக இருந்தது. பனீரும், குழைய வேகவைத்த ராஜ்மாவும், துருவிய காரட்டும் சேர்த்துப் பிசைந்த பூரணம் ஒரு பாத்திரத்தில். தயிரும் அரிசி மாவும் துளி வெல்லமும் சேர்த்துக் கரைத்த மக்காச்சோள மாவு இன்னொன்றில்.

"ஸ்டேஷன் பக்கம் கிடைக்கும், பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று சட்டையை மாட்டினான் நகுல். வாசலில் நின்று திரும்பினான். "எதையும் தொட வேண்டாம்பா. ப்ளீஸ்."

"போடா. நான் என்ன குழந்தையா?"

கதவு சாத்திய சத்தம் கேட்டது. அவர் நாற்காலியிலேயே இருந்தார். இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம் இருந்தார்.

ராஜ்மா வாசனை மூக்கில் ஏறியது. வெறும் ராஜ்மா! அதுவும் வயிறு கெட்ட குழந்தைக்கு! வாயு பிடிக்குமே, இது நகுலுக்கு எங்கே தெரியும்? மனைவி காலமான பிறகு பதினோரு வருஷமாக இந்த வீட்டுச் சமையல் அவர் கையில். பருப்போ பயறோ, பெருங்காயம் போடாமல் அவர் எதையும் இறக்கியதில்லை. யோசித்துச் செய்கிற காரியமா அது? கண் இமைப்பது மாதிரி.

எழுந்தார். தன் அலமாரியிலிருந்து மஞ்சள் நிறப் பெருங்காய டப்பாவை எடுத்தார். இரண்டு சிட்டிகை. ஸ்பூனால் பூரணத்தில் நன்றாகக் கலந்தார். கையைக் கழுவிக்கொண்டு நாற்காலிக்கு வந்தபோது மனம் நிறைந்திருந்தது. குழந்தைக்கு வயிறு வலிக்காமல் இருக்க, தன்னால் ஆனது.

அவ்வளவுதான் நடந்தது. கெட்ட எண்ணம் ஒரு துளிகூட இல்லை. ஆனால் நல்ல எண்ணத்தை நம்பி நாம் கேட்காமல் செய்கிற காரியங்களைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்.

நகுல் வந்தான். பூரணத்தை எலுமிச்சை அளவு உருட்டினான். பணியாரக் குழிகளில் இரண்டு சொட்டு எண்ணெய், அரைக் கரண்டி மாவு, நடுவில் ஓர் உருண்டை, மேலே மறுபடி மாவு. திருப்பிப் போட்டு, பொன்னிறமானதும் எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு குச்சியைக் குத்தினான். முதல் இரண்டு கோணல். பிறகு கை பழகிவிட்டது.

"பன்னெண்டு" என்று எண்ணினார் வேங்கடசுப்ரமணியன். "டஜன்! பேஷ்!"

தட்டில் அடுக்கி, நீல மூடி போட்டு மேடையில் வைத்தான் நகுல்.

பதினோரு மணிக்கு மணி அடித்தது. பச்சைப் பட்டுப் பாவாடையில் மைத்ரேயி புயல் மாதிரி நுழைந்து தாத்தாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இளைத்திருந்தாள். ஆனால் கன்னத்தில் ரத்தச் சிவப்பு ஏறியிருந்தது. அந்த நிறத்தை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். இந்த வீட்டில் இருந்தவரை அது வரவில்லையே.

வந்தனா வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

"தண்ணி குடிக்கறயா?" என்றான் நகுல்.

"வேண்டாம். வரும்போதே குடிச்சேன்."

"டிராஃபிக் இருந்ததா?"

"இருந்தது."

இவர்கள் கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆனவர்கள். ரயிலில் எதிர் ஸீட்டில் இருப்பவர்கள்கூட இதைவிட அதிகம் பேசுவார்கள்.

"எனக்குத் தண்ணி!" என்று மைத்ரேயி சமையலறைக்கு ஓடினாள். "மைத்து, உன் டம்ளர் தனி அலமாரில இருக்கு பாரு" என்றான் நகுல். கொஞ்ச நேரம் கழித்து அவள் அங்கிருந்து வெளியே வந்து பால்கனிக்கு ஓடியதை வேங்கடசுப்ரமணியன் பார்த்தார். "தாத்தா, துளசி எவ்வளவு உயரமா ஆயிடுத்து!" என்று குரல் மட்டும் வந்தது.

வந்தனா எழுந்து சாப்பாட்டு மேஜைக்குப் போனாள். சமையலுக்கு எடுத்த பாக்கெட்டுகளையெல்லாம் நகுல் அங்கே வரிசையாகப் பரப்பியிருந்தான். பரீட்சை எழுதிய பையன் மாதிரி பக்கத்தில் நின்றான்.

ஒவ்வொன்றாக எடுத்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தாள்.

"மாவு?"

"நானே அரைச்சேன். ஜார் புதுசு."

"சோடா உப்பு?"

"புது பாக்கெட். இதுல வேற எதுவும் கலக்கலை, பாரு."

"கெச்சப்?"

"வாங்கலை. தக்காளி வேகவெச்சு அரைச்சேன்."

அவள் முகத்தில் ஏதோ ஒன்று இளகியது. நான்கு மாதமாகப் பூட்டியிருந்த ஜன்னலை யாரோ உள்ளேயிருந்து தொட்ட மாதிரி.

"பெருங்காயம்?"

"போடவே இல்லை."

"நல்லதாப் போச்சு. நானே கேக்கணும்னு இருந்தேன். டாக்டர் கிளினிக்ல போன மாசம் ஒரு அம்மா சொன்னா. கோதுமை மாவு கலந்திருக்காம் அதுல. வெறும் காயம் ரொம்பக் காட்டமா இருக்கும்னு மாவோட சேத்து அரைக்கறா. என் அம்மா இத்தனை நாள் ரசத்துல போட்டுண்டிருந்தா. அதனாலதான் மைத்துவுக்கு நிக்காம வலி இருந்தது. டப்பாவுலயே எழுதியிருக்கு, நாமதான் படிக்கறதில்லை."

ஹாலில் வேங்கடசுப்ரமணியன் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளை மடித்து வைத்தார்.

எழுந்து தன் அலமாரிக்குப் போனார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மஞ்சள் டப்பாவைத் திருப்பினார். நாற்பது வருஷமாக வாங்குகிற டப்பா. சாமி படத்துக்குக் கீழே, எறும்பு வரிசை மாதிரி எழுத்து. கோதுமை மாவு. இரண்டாவது இடத்திலேயே இருந்தது.

"மைத்து, வா! பழம், வெத்தலை எல்லாம் வெச்சாச்சு. நமஸ்காரம் பண்ணிட்டுச் சாப்பிடலாம்" என்று நகுலின் குரல் கேட்டது. அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை அவர் எத்தனையோ மாதமாகக் கேட்டதில்லை.

குழந்தை விளக்குக்கு நமஸ்காரம் செய்தது. தாத்தாவின் காலில் விழுந்தது. "தீர்க்காயுசா இரு" என்று அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

தட்டை எடுத்து வந்து நீல மூடியைத் திறந்தான் நகுல்.

"டட்டடாய்ங்! பண்ணினவன் நகுல், எண்ணினவர் தாத்தா!"

ஒரு குச்சியை எடுத்து மகளின் கையில் கொடுத்தான். வந்தனா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கைப்பை இப்போது மடியில் இல்லை, நாற்காலியில் இருந்தது.

வேங்கடசுப்ரமணியன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொன்னால் அந்தப் பை திரும்ப அவள் தோளுக்குப் போய்விடும். திங்கட்கிழமை புனே. மகன் ஆறு நாள் கை சுட்டுக்கொண்டு கட்டியது இடிந்துவிடும், அதுவும் இவர் கையால், மறுபடி. சொல்லாவிட்டால்? இரண்டு சிட்டிகைதான். பன்னிரண்டு உருண்டையில் அது எம்மாத்திரம்? ஒண்ணும் பண்ணாது, ஒரு வாய்தானே...

அந்த வார்த்தைகள் அவருக்கு முன்பே தெரிந்தவை. பங்குனி மாதத்தில் அவரே சொன்னவை.

குழந்தை குச்சியை வாயருகே கொண்டுபோனாள்.

"வேண்டாம்! சாப்பிடாதே!"

ஓடிவந்து அவள் கையிலிருந்து குச்சியைப் பிடுங்கித் தட்டில் போட்டார். மூச்சு வாங்கியது.

"நான்... அவன் குச்சி வாங்கப் போனப்போ... பூரணத்துல பெருங்காயம் போட்டேன். வாயு பிடிக்குமேன்னு. அதுல கோதுமை இருக்குன்னு எனக்குத் தெரியாது. இப்போதான் படிச்சேன்."

நகுல் தட்டை மேஜையில் வைத்தான்.

"அப்பா..." நகுலின் குரல் உடைந்தது. "ஒரே ஒரு நாள். ஒரு நாள் சும்மா இருங்கோன்னுதானே கேட்டேன்? பத்து நிமிஷம்ப்பா!"

"தப்புடா. தப்புதான்."

"உங்களுக்கு எப்பவும் உங்க கைதான் பெருசு!"

மைத்ரேயி முகம் வெளுத்துப்போய்த் தட்டையே பார்த்தாள். பிறகு மெதுவாக நழுவிப் பால்கனிக்குப் போய்விட்டாள். பாவம், ஆசையாகக் கேட்டது கைக்கு வந்து போய்விட்டதே என்று அவர் நினைத்தார்.

வந்தனா கைப்பையை எடுத்தாள். எடுத்தவள் நகரவில்லை.

"ஏன் சொன்னேள்?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். "நான் எல்லா பாக்கெட்டும் பாத்தாச்சு. இவருக்கும் தெரியாது. சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே?"

"குழந்தையோட வயித்துக்குத் தெரிஞ்சிருக்குமேம்மா."

அவள் அவரையே பார்த்தாள். நாலு மாதத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

பை தரையில் இறங்கியது.

"உலர்ந்த மாவு மிச்சம் இருக்கா? கரைச்சது வேண்டாம், கரண்டி பட்டிருக்கும்."

"இ... இருக்கு" என்றான் நகுல்.

"அதுல கை வெச்சேளா?" என்று மாமனாரைக் கேட்டாள்.

"விளக்கு மேல சத்தியமா..."

"விளக்கெல்லாம் வேண்டாம். வெச்சேளா, இல்லையா?"

"வைக்கலை."

"சரி." புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "பூஜைக்கு வெச்ச நேந்திரம்பழம் இருக்கு. அதை ஆவியில வெச்சு, வட்டமா நறுக்கி உள்ள வைக்கலாம். இந்தத் தட்டுல இருக்கறதை வீணாக்க வேண்டாம், கீழாத்து ஷ்யாமளா மாமி பேரன்கள் சாப்பிடட்டும்." பணியாரக் கல்லை எடுத்து அவரிடம் நீட்டினாள். "அப்பா, இதை மூணு தரம் சோப்புப் போட்டுத் தேய்ச்சுடுங்கோ. புது ஸ்க்ரப்பர். குழி குழியா தேயுங்கோ. நீங்களே பண்ணுங்கோ."

அப்பா.

அவர் அந்தக் கல்லை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கோவிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரிதான் வாங்கினார். மன்னிப்பு என்பது சில வீடுகளில் பேச்சாக வராது. தேய்க்க ஒரு பாத்திரத்தைக் கொடுத்து, நம்பிவிட்டேன் என்று காட்டும்.

குழி குழியாகத் தேய்த்தார். மூன்று தரம் சொன்னதற்கு நான்கு தரம் தேய்த்தார். சமையலறையில் புருஷனும் பெண்டாட்டியும் தோளோடு தோள் நின்றார்கள்.

"வாழைப்பழத்தை வெச்சா இது கார்ன் டாக் இல்லையே" என்றான் நகுல் தயங்கித் தயங்கி. "கார்ன் குரங்கு."

வந்தனா சிரித்தாள். சின்னச் சிரிப்புதான். ஆனால் சிரித்தாள்.

வேங்கடசுப்ரமணியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஷ்யாமளா மாமிக்கென்று ஒரு டப்பாவை எடுத்தார். தட்டிலிருந்து ஒவ்வொன்றாக அடுக்கினார். ஒன்பது. பத்து. பதினொன்று.

பதினொன்று?

மறுபடி எண்ணினார். பிடுங்கிப் போட்டதும் சேர்த்துப் பதினொன்றுதான்.

"நகுலா, நீ ஒண்ணு ருசி பாத்தியா?"

"இல்லைப்பா. முதல்ல மைத்து சாப்பிடணும்னு வெச்சிருந்தேன். ஏன்?"

"ஒண்ணுமில்லை."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. கல்லை வெயிலில் காயவைக்கப் போகிறவர் மாதிரி எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் மைத்ரேயி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தொட்டி மண்ணில், செடிக்கு முட்டுக் கொடுத்த மாதிரி ஒரு குச்சி நின்றது. நுனியில் சோள மாவு மஞ்சளாக ஒட்டியிருந்தது.

தண்ணீர் குடிக்கப் போனாளே. அப்போது.

அவர் மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்கால் முறுக்கியது.

"முழுசா சாப்பிட்டயா, கண்ணா?"

தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் முட்டியது. "வாசனையா இருந்தது தாத்தா. ஒண்ணே ஒண்ணு எடுத்தேன். எனக்குன்னு பண்ணினதுதானேன்னு எடுத்தேன்."

"வயிறு வலிக்கறதா?"

"இன்னும் இல்லை."

அந்த 'இன்னும்' அவரைக் குத்தியது. ஒன்பது வயதுக் குழந்தைக்கு வலி எப்போது வரும் என்று தெரிந்திருக்கிறது.

உள்ளே கரண்டி தட்டும் சத்தம் கேட்டது. நகுல் ஏதோ சொல்ல, வந்தனா மறுபடி சிரித்தாள்.

மைத்ரேயி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லாதே தாத்தா. அம்மா இப்பத்தான் சிரிக்கறா. சொன்னா கிளம்பிடுவா. நான் வலிச்சாலும் அழ மாட்டேன். ப்ராமிஸ்."

அவருக்கு அந்தக் கையை விட மனம் வரவில்லை. அரை மணி முன்னால் அவர் தனியாகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே இடத்தில் இப்போது இவள் நிற்கிறாள். அவருக்காவது எழுபத்து மூன்று வயது.

மண்ணிலிருந்து குச்சியைப் பிடுங்கி எடுத்தார்.

"எனக்குத் தனியாப் போய்ச் சொல்ல பயமா இருக்கு, மைத்து. கூட வரயா?"

"உனக்கா பயம்?"

"ரொம்ப."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பெரியவரும் குழந்தையுமாகக் கை கோத்து ஹாலைக் கடந்தார்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாசல் நாற்காலிக்குக் கீழே அந்தக் கைப்பை தரையில் கிடந்தது.

சமையலறை வாசலில் நின்றார். அடுப்பின் முன்னால் இருந்த இருவரும் திரும்பவில்லை.

"வந்தனா, பன்னெண்டாவதை இவ முன்னாடியே சாப்பிட்டுட்டா" என்றார். இந்த முறை குரல் நடுங்கவில்லை. குச்சியை அவள் கண்ணில் படும்படி நீட்டினார்.

அவள் திரும்பினாள். குச்சியைப் பார்த்தாள். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தாள்.

உதட்டில் பாதிச் சிரிப்பு அப்படியே நின்றது. கை தானாக நீண்டு அடுப்பை அணைத்தது.